கொட்டகையில் சொன்னது

அத்தியாயம் 11

சம்மனைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்ற சுலைகாவை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அந்தக் காகிதத்தை இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை பிரித்து மடித்தாள் என்று கேட்காதீர்கள். மடிப்பில் கிழிந்தே போயிற்று. கோர்ட்டுத் தமிழ் யாருக்குத்தான் புரிகிறது? நாத்தனார் ஜஹனாரா உரக்கப் படித்துச் சொன்னதில் இரண்டே சங்கதிதான் அவள் மனசில் நின்றது. வியாழக்கிழமை காலை பத்து மணி. வராவிட்டால் வாரண்டு.

இன்றைக்கு வியாழக்கிழமை.

சுலைகாவின் புருஷன் அலாவுதீன் ராவுத்தருக்குக் கொடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி. மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மேல்மலை ஊர்களிலிருந்து வந்து இறங்குகிற பூண்டை, வேரும் தாளும் அறுத்துத் தரம் பிரிப்பதற்குப் பதினொரு பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தலைவி சுலைகா. எல்லாருக்கும் அவள் பாயம்மா.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தொண்டை அடைப்பான் நோய் ஒரே வாரத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் அவள் ஏரியில் இறங்கினாள். படகுக்காரர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். போய்த் திரும்பியவள் என்று அவளை ஊர் ஒதுக்கியது. ஆனால் மனசு உடைந்த பெண்களுக்கெல்லாம் அந்தப் பெயரே அடையாளமாகிப் போனது. எவளுக்கு இனி முடியாது என்று தோன்றுகிறதோ, அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு சுலைகாவின் இடது பக்கம் வந்து உட்காருவாள். மற்றவர்கள் பேசாமல் எதிர்மூலைக்கு நகர்ந்துவிடுவார்கள். என்ன பேசினீர்கள் என்று பிறகும் ஒருத்தி கேட்க மாட்டாள். சாயங்காலம் பூண்டுத் தோலைக் குவித்துத் தீ வைப்பார்கள். அன்று பேசியதும் அதோடு எரிந்து போயிற்று என்பது கொட்டகையின் சட்டம்.

சுலைகாவும் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. அக்கம்பக்கத்தில் மூச்சுவிட்டதில்லை. கூடப்பிறந்தவளிடம்கூடச் சொன்னதில்லை. புருஷனிடம் மட்டும் சொல்வாள். கேட்டதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவளும் எப்படித்தான் தூங்குவாள்? அவரிடம் சொன்னதை அவள் சொன்னதாகவே நினைத்ததில்லை. இந்த ஊரில் எந்தப் பெண்டாட்டி நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

அப்படி இடது பக்கம் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்திதான் பொன்னுத்தாய். பூம்பாறைக்காரி. அவள் புருஷன் கந்தவேல் பூண்டு லாரியோடு பள்ளத்தில் கவிழ்ந்து செத்தான். முப்பது நாள் கழிவதற்குள் மாமனார் சின்னச்சாமி அவளை மாட்டுக்கொட்டத்துக்கு மாற்றினார். இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்தவள், ஒரு விடியற்காலையில் பள்ளத்தில் விழுந்தாள். மரத்தில் சிக்கிக் கால் ஒடிந்து உயிர் தப்பிவிட்டது. தப்பியது குற்றம், சாகப் பார்த்தவள் என்று போலீஸ் கேஸ் எழுதிவிட்டது. ஜாமீனில் வந்து, மூன்று வயது மகன் சுப்புராஜோடு பஜாரில் ஓர் ஓட்டு அறையில் இருந்துகொண்டு, நொண்டி நொண்டிக் கொட்டகைக்கு வந்து போகிறாள். கந்தவேலின் மூன்று அடுக்கு நிலமும் அந்தப் பையனுக்கு. பையன் யார் மடியில் இருக்கிறானோ அவர்கள் கையில்தான் நிலம். சின்னச்சாமிக்கு வேண்டியது அந்த மடி.

கேஸில் பாயம்மா எப்படி வந்தாள் என்பதுதான் அவளுக்கே விளங்கவில்லை.

---

வெள்ளனே எழுந்து சுலைகா ஒரு துணிப் பையில் மாற்றுச் சேலையும் தொழுகைத் துணியும் எடுத்து வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு அலாவுதீனுக்குக் கோபம் வந்தது. எதற்கு இது என்று கேட்டார். உள்ளே வைத்தால் உடுத்த வேண்டாமா என்றாள் அவள்.

"உன்னை எதுக்கு உள்ளே வைக்கிறாங்க? கேட்டா உள்ளதைச் சொல்லிட்டு வெரசா எறங்கு. ஊரார் சோலி நமக்கு எதுக்கு?"

"அவ என்னை நம்பிச் சொன்னதுங்க."

"நம்பிக்கை கோர்ட்டுல செல்லாது, புள்ள."

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, பார்வையைக் கிளாஸை விட்டு எடுக்காமல் சொன்னார். தனக்காகப் பயப்படுகிறார் என்று சுலைகா நினைத்துக்கொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் ஈரச் சேலையோடு கிடந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மனுஷர். ஊர் முழுக்கத் தலாக் சொல்லு என்றபோது, போங்கடா என்றவர். அவர்மேல் சந்தேகம் எப்படி வரும்?

இடது பக்கம் வந்து உட்கார்ந்த அன்றைக்குப் பொன்னுத்தாய் சொன்னது இதுதான். பள்ளத்துக்கு அவள் இரண்டு தடவை போனாள். முதல் தடவை இடுப்பில் பையனும் இருந்தான். தான் போன பிறகு மாட்டுக்கொட்டத்தில் அவன் கதி என்ன என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். விளிம்பில் நிற்கும்போது காற்று அவனுடைய சிவப்புக் குல்லாயைப் பிடுங்கிப் புதரில் போட்டது. குல்லா வேணும் என்று அவன் அழுதான். முள்ளுக்குள் கைவிட்டு அதை எடுத்து, அவன் தலையில் மாட்டினபோதுதான் தன் புத்தி திரும்பியது என்று சொல்லி அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, பையனை அடுப்போரம் கம்பளியில் சுருட்டிப் படுக்க வைத்துவிட்டுத் தனியாகப் போனாள்.

முழுதாகக் கேட்டால் அது பிள்ளையைக் காப்பாற்றிய கதை. பாதியில் நிறுத்தினால் பிள்ளையைக் கொல்லப் போன கதை. எங்கே நிறுத்துவார்கள் என்று சுலைகாவுக்குத் தெரியும். அதனால் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

---

கோர்ட்டு வராந்தாவில் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ஒருநாள் கூலி போனால் போகட்டும் என்று வந்துவிட்டார்கள். குப்பம்மாள் இடுப்பில் பையன் சுப்புராஜ் இருந்தான். ஜஹனாரா மதினியின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆயக்குடியில் கட்டிக்கொடுத்தவள், பெருநாளுக்கு வந்து ஒரு மாசமாக இங்கேதான் இருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் அலாவுதீன். அவருக்கு இரண்டு ஆள் தள்ளிச் சின்னச்சாமி.

பொன்னுத்தாய்க்கு வக்கீல் கிடையாது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். சுலைகா சாட்சிக் கூண்டில் ஏறினதும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்ததே, அதைச் சுலைகா சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

போலீஸ் தரப்புக்கு ஒத்தாசையாகச் சின்னச்சாமி பழனியிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். பெயர் திருமலைச்சாமி. மெதுவாகப் பேசுகிற ஆள். குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தார். ஆண்டவன் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சுலைகா சொல்லி முடித்ததும், இந்தப் பெண் உங்களிடம் மனம்விட்டுப் பேசியதுண்டா என்று கேட்டார்.

உண்டு என்றாள்.

விழுந்த நாளைப் பற்றிப் பேசினாளா?

பேசினாள்.

என்ன சொன்னாள்?

"அதைச் சொல்ல மாட்டேனுங்க."

வராந்தாவில் சலசலப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். நடு வயசுக்காரர், நல்ல மாதிரி. ஏனம்மா என்று கேட்டார். எங்க கொட்டகையில் பேசினது வெளியே போகக் கூடாதுங்க, அப்படி ஒரு கட்டு இருக்கு என்றாள் சுலைகா. அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னார். கட்சிக்காரன் வக்கீலிடம் சொன்னதைக் கோர்ட்டு கேட்க முடியாது. புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டதைக் கேட்க முடியாது. சட்டம் அதற்குத் திரை போட்டிருக்கிறது.

"நீங்க இந்தப் பெண்ணுக்கு என்னம்மா வேணும்?"

சுலைகா யோசித்தாள். தாய் இல்லை. அக்காள் இல்லை. ஒரே ஊரில்லை, ஒரே மார்க்கமில்லை.

"ஒரு உறவும் இல்லீங்க. இவ பக்கத்துல உட்கார்ந்தேன், அவ்வளவுதான்."

"அதுக்குச் சட்டத்துல இடமில்லையேம்மா."

பதில் சொல்லாத சாட்சியை ஏழு நாள் வரைக்கும் உள்ளே வைக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். வைத்துக்கொள்ளுங்க ஐயா, பையோடுதான் வந்திருக்கிறேன் என்றாள் சுலைகா. கூண்டில் பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்பம்மாள் வாசலில் நின்று தலையை ஆட்டி ஆட்டி மெச்சினாள். சுலைகாவுக்கும், உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மாஜிஸ்திரேட் எழுத ஆரம்பித்தார். திருமலைச்சாமி எழுந்து, இன்னும் ஒரே ஒரு கேள்வி என்று அனுமதி வாங்கினார்.

"பெரிய விசயமெல்லாம் வேணாம்மா. காத்துல பறந்து புதர்ல விழுந்துச்சே ஒரு சிவப்புக் குல்லா, அதை முள்ளுக்குள்ள கைவிட்டு எடுத்தாளே, அதையாவது சொன்னாளா?"

அந்தக் குல்லாய் மூன்று பேருக்குத்தான் தெரியும். கூண்டில் நிற்கிறவளுக்கு. தனக்கு. மூன்றாவது ஆள் பின்பெஞ்சில் உட்கார்ந்து தன் கைவிரல் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் வக்கீலைப் பார்க்கவில்லை, மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. நேரே அவரைப் பார்த்தாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"அதை உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்."

பாவி மகள். ஏழு நாள் ஜெயிலுக்குத் துணிந்தவள், ஒரு நிமிஷம் பொறுக்க முடியாமல் போனாளே.

குமாஸ்தாவின் பேனா ஓடியது. திருமலைச்சாமி மப்ளரைச் சரிசெய்துகொண்டார். எதை அவரிடம் சொன்னீர்கள், இந்தப் பெண் உங்களிடம் சொன்னதையா என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன போயிற்று என்பது சுலைகாவுக்கு உறைத்தது. அதை அள்ளிவிடலாம் என்று நினைத்து அடுத்த தப்பைச் செய்தாள். அவ பிள்ளையைத் திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாளுங்க, குல்லாயை மாட்டி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாளுங்க என்று பதறினாள்.

"எங்கேயிருந்து தூக்கிட்டு வந்தாம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேவையே இல்லை. போதும் என்று சொல்லி வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

சாட்சியிடம் நீ ஏதாவது கேட்கிறாயா என்று மாஜிஸ்திரேட் பொன்னுத்தாயைப் பார்த்தார். வக்கீல் இல்லாதவர்களை அப்படிக் கேட்பது முறை. வேண்டாம் என்று தலையாட்டுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வாசலில் நிற்கிற பத்துப் பெண்களையும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சுலைகாவிடம் திரும்பினாள்.

"எங்கள்ல எத்தனை பேர் கதை உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், பாயம்மா?"

குப்பம்மாளின் தலையாட்டம் நின்றது. அவளும் ஒருநாள் இடது பக்கம் உட்கார்ந்தவள்தான். விசாலாட்சியும் அப்படித்தான். அந்த வாசலில் நின்ற ஒருத்தியும் பாக்கியில்லை.

மாஜிஸ்திரேட் குறுக்கிட்டார். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை அம்மா என்றார். புருஷனிடம் பேசியது சட்டப்படி உங்கள் சொந்த விஷயம், கோர்ட்டு அதைக் கட்டாயப்படுத்தாது என்று கனிவாகவே சொன்னார். சட்டம் கடைசியில் சுலைகாவுக்கு ஒரு திரையைக் கொடுத்தது. அவள் அதற்குப் பின்னால் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள்.

வாசலில் நின்றவர்களுக்கு அதுவே பதில். விசாலாட்சி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முதலில் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். பையன் இடுப்பில் இருந்ததால் குப்பம்மாள் மட்டும் நின்றாள்.

---

பொன்னுத்தாயின் ஜாமீன் ரத்தாயிற்று. பிள்ளை விஷயமாக இன்னொரு குற்றமும் சேர்க்கப் போலீசுக்கு அனுமதி கிடைத்தது. மறு உத்தரவு வரும் வரைக்கும் பையன் தாத்தா பொறுப்பில் இருக்கட்டும் என்று ஆயிற்று.

வராந்தாவில் சின்னச்சாமி கையை நீட்டினார். அந்தக் கையில் ஒரு பொரி உருண்டை இருந்தது. குப்பம்மாள் பையனை இறுக்கிப் பிடித்தாள். அவனே தாவிப் போய்விட்டான். சிரித்துக்கொண்டே போனான். பொன்னுத்தாய் போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்று அதைப் பார்த்தாள். சுலைகா அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள். நான் வேணும்னு சொல்லலை, வாய் தவறிப் போச்சு என்று ஏதேதோ சொன்னாள்.

பொன்னுத்தாய் திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம்.

"விடுங்க பாயம்மா, கால் வலிக்குது" என்றாள். கையை உருவிக்கொண்டு வண்டி ஏறினாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அலாவுதீன் பேசிக்கொண்டே வந்தார். அது ஒரு பச்சைப் பிள்ளையில்லையா, நாளைக்கு அவளுக்கு மறுபடி புத்தி பிசகினால் யார் பொறுப்பு என்றார். சின்னச்சாமி மண்டியில் வந்து உட்கார்ந்து, பூம்பாறைப் பூண்டு மொத்தத்தையும் பழனிக்குத் திருப்பிவிடுவேன் என்று சொன்னதையும் அவர் மறைக்கவில்லை. பாதிப் பேச்சில் தனக்கு வாய் தவறியது, மீதியைச் சின்னச்சாமியே பிடுங்கிக்கொண்டான் என்றார். கோர்ட்டில் தான் வாயே திறக்கவில்லை என்றும், புருஷன் சாட்சி சொல்லச் சட்டமே விடாது என்று அந்த வக்கீலே சொன்னதாகவும் சொன்னார். சட்டப்படி தன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

சுலைகா நடையை எட்டிப் போட்டாள். அது அவருக்கு எரிச்சலாக இருந்தது போலிருக்கிறது.

"ரெண்டைப் பறிகொடுத்தவ நீ. பிள்ளை உசுரு உனக்கே பெருசாத் தெரியலைன்னா என்ன சொல்ல?"

அவள் நின்றுவிட்டாள். ஜஹனாராதான் முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தாள்.

மத்தியானம் கொட்டகைக்கு ஒருத்தியும் வரவில்லை. அறுக்காத பூண்டு மூட்டை மூட்டையாகக் கெடக்கு என்று அலாவுதீன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். அட்டுவம்பட்டியில் வேற ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

சுலைகா கொட்டகையில் தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜஹனாரா வந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு கூடையை இழுத்துக்கொண்டு மதினியின் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். உள்பக்கத்தில் வரிசையாக ஐந்து சூட்டுக் காயம். இரண்டு ஆறியிருந்தது. மூன்று இன்னும் முழுசாக ஆறவில்லை. ஒரு மாசமாகப் பெருநாள் பெருநாள் என்று சொல்லி இவள் ஏன் ஆயக்குடிக்குப் போகாமல் இருக்கிறாள் என்பது அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என் மாமனார்கிட்டப் போய்ச் சத்தம் போடுவாக, மதினி. அப்புறம் என்னைக் கொண்டுபோய் அங்கேயே விட்டுட்டு வந்துருவாக. அண்ணன் கிளம்பின பிறகு அந்த வீட்டுல என்னை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குச் சொல்லணும். நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, போதும். நான் சொல்றேன்."

காலையில் என்றால் சுலைகா யோசிக்காமல் சொல்லியிருப்பாள். தன் வாய் என்ன வாய் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, பதினாறு வருஷப் பழக்கம், தானாக அவர் பக்கம் திரும்பும் அந்த வாய்.

"என்கிட்டச் சொல்லாதே, ஜஹனாரா. நான் கேக்க மாட்டேன்."

"மதினி."

"சொல்லாதேன்னா சொல்லாதே. எழுந்திரு."

அவள் சுலைகாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட் கையை இறக்கிவிட்டாள். கூடையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. துணி உதறுகிற சத்தம் கேட்டது.

தொழுகை முடிந்து அலாவுதீன் திரும்பி வரும்போது அவள் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். காலையில் முதல் பஸ்ஸுக்கு ஆயக்குடி போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்லது, இப்பவாவது வீட்டு ஞாபகம் வந்ததே, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பேரிக்காய் கட்டித் தரேன் என்றார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படியில் நின்ற சுலைகாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன திடீர்னு கிளம்புறா? உன்கிட்ட ஏதும் சொன்னாளா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் மறைத்தது ஒன்றுகூடக் கிடையாது. ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் சுலைகா.